என் கைகள் அறிந்த முதுகு

விண்ணப்பப் படிவத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே இருப்பில் பதில் எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் மூன்று வாரமாக வெறுமையாகக் கிடந்தது. இந்தத் தொழிலை நோக்கி உங்களைக் கொண்டுவந்த அனுபவம் ஒன்றை விவரியுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நாளாந்தம் அந்தப் பக்கத்தைத் திறப்பேன், பதில் எழுதும் பெட்டிக்குள் கணினிக் கோடு மினுங்குவதைப் பார்ப்பேன், மூடுவேன். என்னிடம் அனுபவம் இல்லாமல் இல்லை. ஒன்று இருந்தது. அதை எழுதினால் என்னைச் சேர்க்கமாட்டார்கள் என்று பயந்தேன். எழுதாமல் சேர்ந்தால் என்னையே எனக்குப் பிடிக்காமல் போய்விடும் என்றும் பயந்தேன்.

மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். எலும்பையும் மூட்டையும் தசையையும் கையால் சோதித்து, கையாலேயே வைத்தியம் செய்யும் படிப்பு. சுவருக்கு அடித்த பெயின்ற் இன்னும் மணக்கிற கல்லூரி. அங்கே படித்து வெளியே வந்தவர்கள் என்று இன்னும் ஒருவரும் இல்லை. மசாஜ் வேலையில் அனுபவம் உள்ளவர்கள், வயது வந்தவர்கள் எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. எனக்கு நாற்பத்தொரு வயது. இலங்கையிலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, வெளியே வந்து, தற்காலிக விசாவிலேயே பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நிரந்தர விசா வந்த பிறகுதான் படிப்பு என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் துணிந்தேன்.

சொன்னதுதான் பிழையாகப் போயிற்று. கோயிலில் ஒரு அங்கிள் என்னைத் தேரடியில் மறித்தார்.

"டொக்டருக்கோ தம்பி படிக்கப் போறீர்?"

"ஒரு மாதிரி டொக்டர்தான் அங்கிள். பேருக்கு முன்னால போடலாம். ஆனா மருந்து எழுத ஏலாது."

"ஒப்பரேஷன்?"

"அதுவும் இல்லை."

அவர் கையிலிருந்த பொங்கலை ஒரு வாய் போட்டுக்கொண்டு யோசித்தார். "அப்ப இப்ப செய்யிற மசாஜ்தானே," என்றுவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். காரில் ஏறி டண்டினோங்கில் எங்கள் வீடு வரும்வரை அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்களை மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் ஆட்களுக்கு டொக்டர் என்றால் முழு டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை, நடுவிலே ஒரு கதிரை போட இடமே கிடையாது என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். பொறுமை அவளுக்குத் தொழில். நான் முடிக்கும்வரை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"நான் ஒண்டு கேக்கட்டோ? இந்தப் படிப்பு உங்களுக்கோ, அவருக்கோ?"

அவள் கேட்டது கோயில் அங்கிளைப் பற்றி அல்ல. அவர் யார் என்று எங்கள் வீட்டில் கேட்கத் தேவையில்லை.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். மெல்பேர்னுக்கு வருமுன் சிட்னியில், பிளாக்டவுனில், நாங்கள் நான்கு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். நால்வரும் படகில் வந்தவர்கள். அவருக்கு ஐம்பத்தாறு, எங்கள் மூவருக்கும் முப்பதுக்குக் கிட்ட. கோழி இறைச்சித் தொழிற்சாலையில், குளிர் அறையில் பெட்டி தூக்குகிற வேலை அவருக்கு. மனைவியும் இரண்டு மகள்மாரும் ஊரில், பருத்தித்துறையில். குசினியில் அவர் நின்றால் மற்றவர்களுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. குழம்பில் கை வைத்தால் அகப்பைக் காம்பால் தட்டுவார். நான் அப்போது ஒரு ஷொப்பிங் சென்ரரில் மசாஜ் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். வேலையில் எனக்கு நல்ல பெயர். கழுத்துப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் என் பெயரைச் சொல்லிக் காத்திருப்பார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது.

அண்ணைக்கு நாரி, முதுகின் கீழ்ப்பக்கம், நோகத் தொடங்கியது. பெட்டி தூக்குகிறவனுக்கு நாரி நோகாமல் வேறென்ன நோகும் என்று எல்லோரும் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரவேற்பறையில் பாயைப் போட்டுக் குப்புறப் படுப்பார். நல்லெண்ணெய் சுடவைத்து நான் உருவிவிடுவேன். மற்ற இருவரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "எங்கட வீட்டு டொக்டர்" என்று அண்ணை என்னைச் சொல்வார். எனக்கு அது இனித்தது. இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. விசா நேர்முகமும் மருத்துவப் பரிசோதனையும் முடியும்வரை ஒருவரும் டொக்டரிடம் போவதில்லை. போனால் கணினியில் ஏறும், கணினியில் ஏறினால் ஃபைலில் ஏறும், நோயாளியை இந்த நாடு வைத்திருக்காது, திருப்பி அனுப்பிவிடும். இதை எங்களுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்தது. பல்வலிக்கு ஒருவன் கராம்பை வைத்துக்கொண்டு ஆறு மாதம் இருந்தான். இன்னொருவன் இருமலை நேர்முகக் கடிதம் வரும்வரை போர்வைக்குள் இருமினான். பிறகு ஒரு சட்டத்தரணி சொன்னார், டொக்டர் எழுதும் குறிப்பு அப்படி யாருக்கும் போவதில்லை என்று. சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

இரண்டு மாதம் போனது. மூன்றாகியது. அண்ணை மெலிந்தார். காற்சட்டைப் பெல்ற்றில் புதிதாக ஓட்டை போட்டார். இரவில் வலி எழுப்புகிறது, படுத்தால்தான் கூடுகிறது என்று சொன்னார். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே, முள்ளந்தண்டை ஒட்டி ஒரு இடம். அங்கே பெருவிரலை வைத்தால் மற்ற முதுகுகளைப் போல அது எனக்குப் பணியவில்லை. தசை என்றால் முதலில் முரண்டு பிடித்துப் பிறகு இளகும். இது இளகவே இல்லை. இது தசை அல்ல என்று என் கைக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியாது என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். கைக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு அவரே கேட்டார். "என்னடாப்பா, டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுவமோ?"

நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "என்னத்துக்கு அண்ணை? இது சதைப்பிடிப்பு. மெடிக்கல் முடியட்டும். நான் எடுத்துத் தாறன்."

அவர் சரி என்றார். நம்பினார். அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு நான் அந்த முதுகை உருவினேன்.

ஆறாவது ஞாயிறுக்கு முன் குளியலறையில் விழுந்தார். கால் மரத்துப்போய்விட்டது என்றார். அம்புலன்ஸ் வந்தது. புற்றுநோய் வேறெங்கோ தொடங்கி முள்ளந்தண்டுக்கு வந்திருந்தது. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் குரல் மட்டும் கட்டிலருகே வந்து, டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னது: முழுதாகக் குணமாக்கியிருக்க முடியாது, ஆனால் சில மாதம் முந்தி வந்திருந்தால் கால்களைக் காப்பாற்றியிருக்கலாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணை என் கையைத் தேடிப் பிடித்தார்.

"உன்ர கை நல்ல கை, தம்பி," என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான்கு மாதத்தில், மகள்மாரைப் பார்க்காமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சிட்னி ஒத்துவரவில்லை. மெல்பேர்னுக்கு வந்தேன், கல்யாணம் கட்டினேன், அதே வேலையைச் செய்தேன். வேறு வேலை தெரியாது. மசாஜ் மேசையில் குப்புறப் படுத்தால் யாருக்கும் முகம் கிடையாது. கந்தோரில் கணினிக்கு முன்னால் இருக்கிறவர், ஓட்டக்காரி, லொறி ஓட்டுகிறவர் எல்லோரும் படுத்த பிறகு ஒருவர்தான். என் பெருவிரல் கேட்காமலே இடது பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே போய் நிற்கும். தசை இளகும்வரை நான் மூச்சு விடமாட்டேன். இளகாத மூன்று பேரை இதுவரை டொக்டரிடம் போகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூவருக்கும் ஒன்றுமில்லை. ஒருத்தி கடையில் என்னைப் பற்றி முறைப்பாடு செய்தாள், சும்மா பயப்படுத்திவிட்டான் என்று.

அண்ணையின் மனைவிக்கு மாதம் ஒருமுறை பருத்தித்துறைக்குப் போன் எடுப்பேன். அவரை அக்கா என்பேன். மூத்தவளுக்குக் கல்யாணம், இளையவளுக்கு வேலை, கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது என்று கதைப்பார். முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்வார்: "நீங்கள்தான் தம்பி கடைசிவரை அவரைப் பாத்தனீங்கள்." நான் ஒவ்வொரு முறையும் ஓம் அக்கா என்று சொல்லி வைத்துவிடுவேன். எட்டு வருடமாக.

புதிய கல்லூரியில் பார்வையாளர் நாள் வைத்தார்கள். போனேன். என் பாதி வயதுப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த தாய் தகப்பன்மார், நான். விரிவுரையாளர் ஒரு பெண், கட்டையாக நரைமுடி வெட்டியவர். முதுகை எப்படி நெட்டி முறிப்பது என்று காட்டுவார் என எல்லோரும் காத்திருந்தோம். அவர் மேசைப் பக்கமே போகவில்லை. இங்கே முதலில் கற்றுத்தருவது எப்போது தொடக்கூடாது என்பதைத்தான் என்றார். பிறகு திரையில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக வந்த முதுகுவலி. காரணமில்லாமல் மெலிவது. இரவில் எழுப்பும் வலி. படுத்தாலும் தீராத வலி. இவை இருந்தால் கையை எடுங்கள், உடனே டொக்டரிடம் அனுப்புங்கள், இதைத் தெரிந்துகொள்ள ஐந்து வருடப் படிப்பு தேவையில்லை, ஒரு பின்னேரம் போதும் என்று சிரித்தார்.

பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு அந்தத் திரையில் பட்டியல் தெரியவில்லை. பிளாக்டவுன் வீட்டுப் பாயில் குப்புறப் படுத்திருந்த மனிதர் தெரிந்தார். ஒரு பின்னேரம். எத்தனை ஞாயிறு பின்னேரங்கள் அந்த வீட்டில் கிரிக்கெட் பார்த்தோம். எழுந்து வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். ஒரு தகப்பன் வந்து, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். மகரந்த அலர்ஜி என்றேன். பூக்கிற காலத்தில் பாதி ஊரே தும்முகிற மெல்பேர்னில் இதற்கு யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

அன்றைக்கே முடிவெடுத்தேன், விண்ணப்பிப்பதில்லை என்று. அடுத்த நாள் காலையில் வேறு முடிவு எடுத்தேன். அந்தக் கல்லூரிக் கதிரையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஒழுங்காகப் படிக்காமல் இனி ஒரு முதுகையும் தொடமுடியாது என்று தோன்றியது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். உண்மையை எழுதுவதென்றால், முகம் தெரியாத வெள்ளைக்காரர் படிப்பதற்கு முன் அதைக் கேட்க உரிமையுள்ள ஒருவர் இருக்கிறார். மனைவியிடம் சொன்னேன். அவள் தேநீரை வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

போன் எடுத்தேன். சுகம் விசாரித்தோம். பிறகு, அக்கா, ஒரு விஷயம் சொல்லவேண்டும், அண்ணையின் நாரி நோவைப் பற்றி என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"தெரியும் தம்பி. அவர் ஆஸ்பத்திரியில இருந்து எனக்குச் சொன்னவர். டொக்டரிட்ட போகச் சொல்லி நீங்கள் காலில விழாத குறையாக் கெஞ்சினீங்களாம். தான்தான் விசாவுக்குப் பயந்து மாட்டனெண்டு நிண்டதாம். அந்தப் பெடியில ஒரு பிழையும் இல்லை எண்டு சொன்னவர். நீங்கள் ஏன் அதை வச்சு யோசிக்கிறீங்கள்?"

கால் இரண்டும் செத்துக் கிடந்த மனிதர், மனைவிக்கு எடுத்த போனில் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவர் தந்தது. வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிப் போனை வைத்திருக்கலாம். படிவத்திலும் அழகாக எழுதியிருக்கலாம், கெஞ்சிய இளைஞன், கேட்காத நோயாளி என்று. அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

"இல்லை அக்கா," என்றேன். "அவர்தான் போவமோ எண்டு கேட்டவர். வேண்டாமெண்டு சொன்னது நான்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். திரையில் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் இப்ப சொல்லுறீங்கள்?" என்று கேட்டார். குரல் எங்கோ தள்ளிப் போயிருந்தது.

"இந்த நோவுகளைப் பாக்கிற படிப்பு ஒண்டு இருக்கு அக்கா. அதுக்கு எழுதிப் போடப் போறன். உங்களுக்குச் சொல்லாமப் போட மனம் வரேல்லை."

பிறகு, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"படியுங்கோ தம்பி. வடிவாப் படியுங்கோ. எனக்கு இனிப் போன் எடுக்காதேங்கோ."

வைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே அந்தப் பெட்டிக்குள் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். கல்லூரி பதினைந்து நாளில் பதில் போட்டது, நேர்முகத்துக்கு வரச்சொல்லி. நான் அந்தச் செய்தியைச் சொல்ல நினைத்த முதல் ஆள் அக்கா; அவருக்குச் சொல்ல முடியாது.