வாசல் வாங்கிக்கொண்ட பொட்டலம்

சிறைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஆளை எந்தச் சிறையில் அடைத்தார்கள் என்று தெரியாமல் வருகிறவர்களுக்கு அவள்தான் கதி. தன் புருஷனையே ஒருகாலத்தில் பதினேழு நாள் நாயாய் அலைந்து தேடியவள். அதிகாரிகளிடம் பதில் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று அப்போதே தெரிந்துகொண்டாள்.

அவள் வழி வேறு. ஒரு துண்டு, இரண்டு சோப்பு, மேலே கைதியின் பெயர்ச் சீட்டு. வாசலில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறான். திருப்பிக் கொடுத்தால் அடுத்த சிறை. சீட்டில் அப்பா பெயரும் எழுத வேண்டும்தான். நீளமாக இருந்தால் வாசல் காவலர் எரிந்து விழுகிறார் என்று அக்கா அதை விட்டுவிடுவாள். பதினோரு வருஷமாகத் தப்பாத கணக்கு. அந்தத் தலைக்கனம் வேறு.

அப்படித்தான் மகனைத் தேடி ஒரு அம்மாவும் வந்தாள். தன்னைவிடச் சின்னவளை அக்கா என்றாள்.

"வலிப்புக்காரன் அக்கா. ஒருநாள் மாத்திரை விட்டாலும் கீழ விழுந்துடுவான். எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல."

மாத்திரையோடு பொட்டலம் போனது. வாசல் வாங்கிக்கொண்டது.

"இருக்கான்மா. ஒரு வாரத்துல மனு போட்டுப் பாத்துடலாம்."

"பெரிய ஜெயில்லயும் ஒருதடவை கேட்டுட்டு வந்துடவா? பக்கத்து வீட்டுக்காரர் அங்கதான்னாரு."

"பக்கத்து வீட்டுக்காரர் பேச்சக் கேட்டு எதுக்கு அலையற? பேசாம வீட்டுக்குப் போய்த் தூங்கு!"

ஏழாம் நாள் மனுவோடு அக்காவே வாசலுக்குப் போனாள். காவலர் பதிவேட்டைப் புரட்டினார். அதே பெயர்தான். ஆனால் ஐம்பது வயதுத் திருடன்.

"சோப்பு வந்தா எவன் வேண்டாம்பான்? யானைக்கும் அடி சறுக்கும், அக்கா," என்று சிரித்தார்.

அங்கிருந்தே பெரிய ஜெயிலுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பையனா? முந்தாநாள் வலிப்புல போயிட்டான். தேடிக்கிட்டு ஒருத்தரும் வரலையே. அனாதைன்னு நெனச்சோம்."

அக்கா கடைக்குத் திரும்பினாள். பெஞ்சில் அந்த அம்மா, மகனைப் பார்க்கப்போகிறோம் என்று தலைவாரி, துவைத்த சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா செய்தியை எப்படியோ சொல்லிவிட்டாள். கூடவே ஒரு பொய்யும் வாயில் வந்தது.

"இங்கதான்மா இருந்தான். நடுவுல அங்க மாத்திட்டாங்க."

அம்மா சுவரில் தலையை மோதி மோதி அழுதாள். குரல் வற்றிய பிறகு, உடலை வாங்க மனு எழுதித் தரச் சொன்னாள். அக்கா எழுதினாள். கைநாட்டு வைத்ததும் அந்த அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீயாவது மாத்திரைய அவன் கையில சேத்தியே. மத்தவங்க யாரு செஞ்சா?"

அக்காவால் கைகளை இழுத்துக்கொள்ள முடியவில்லை.