பாப்பாவுக்கு வாசித்துக் காட்டிய பிள்ளைகள்

பிள்ளைகள் எந்த இடத்தில் வாசிக்கத் தடுமாறுகிறார்கள் என்று கணினியைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்குக் குரல்களைப் பதிவு செய்ய, திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

மைக்கைக் கண்டதும் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. என் மகளோ வீறிட்டு அழுதாள். இவளைக் கொண்டுவந்ததே தப்பு என்று கிளம்பத் தயாரானேன்.

"டீச்சர், பாப்பாவுக்கு வாசிச்சுக் காட்டவா?" என்றாள் ஒரு சிறுமி.

"அதுக்கு என்னடி தெரியும்?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"தப்பா வாசிச்சாலும் உன்னைய மாதிரி சிரிக்காதுல்ல?"

முதலில் கேட்டவள் வாசிக்க, மகள் அழுகையை நிறுத்தி அவள் வாயையே பார்த்தாள். "அடுத்து நாந்தேன்!" என்று மற்றவர்களும் முண்டியடித்தார்கள். திக்கினார்கள், ஆனால் கூசவில்லை.

எனக்கு வேண்டியதும் அந்தத் தடுமாற்றம்தான். அதை ஒளிக்காமல் தந்த பிள்ளைகளையும், தப்புக் கண்டுபிடிக்கத் தெரியாத என் மகளையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.