சாக்கை அவிழ்த்துப் பார்த்த சரோஜா சிஸ்டர்

சரோஜா சிஸ்டர் போய்விட்டார் என்று சேரங்கோட்டிலிருந்து போன் வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக்கையோடு உட்கார்ந்துவிட்டேன். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதைப் படிப்பீர்கள். அவர் எங்களுக்குச் செய்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சிலோனிலிருந்து வந்த முதல் மழைக்காலம். என் வீட்டுக்காரருக்கு ஓயாத இருமல். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தே தூங்குவார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சுக்குள் நெறி கட்டி வீங்கியிருக்கிறது, காசநோய்தான் என்றார். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் கேட்கவில்லை.

"சிலோன்காரங்க இருமினா வேற என்னவா இருக்கும்?"

அந்தப் பேச்சை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மறுநாளே, நோய் தொற்றும் என்று, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. மூன்று பிள்ளைகள். கப்பலேறி வந்தவர்கள் இனி எங்கே போவது?

மலையில் அட்டைக்கடிக்குப் பயந்து காலைச் சாக்கால் சுற்றிக் கட்டுவோம். இவர் குளிருக்காக ஆஸ்பத்திரியிலும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கச் சொன்னவர் சிஸ்டர் ஒருவர்தான். முழங்கால்வரை வீக்கம். கட்டைவிரலால் அழுத்தினார், விழுந்த குழி அப்படியே நின்றது. நேரே டாக்டர் மேசைக்குப் போனார்.

"ஏனுங்க டாக்டர், இவரு காலைப் பாத்தீங்களா? இருதயம் சோந்து போனாலும் உள்ளுக்குள்ள நெறி வீங்குமுங்க. கோயமுத்தூர்ல ரெண்டு பேரைப் பாத்திருக்கேன். நீர் மாத்திரை குடுத்து இன்னொரு படம் எடுங்க. அதுவரைக்கும் அவிய ஊட்டை யாரும் தொட வேண்டாம்."

டாக்டர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே சிஸ்டர் எங்கள் லயத்துக்கு வந்து கருவாட்டுப் பானையைத் தூக்கினார். "உப்பு ஆகாதுங்க அவருக்கு."

"கருவாடு இல்லாம எப்படிச் சோறு எறங்கும்?" என்றேன்.

"கருவாடு வேணுமா, ஊட்டுக்காரர் வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க."

ஒரு மாதம் சிஸ்டரோடு நான் பேசவில்லை.

அடுத்த படத்தில் நெறி சுருங்கியிருந்தது. வீடு எங்களுக்கு நின்றது. கடைசி மகள் கல்யாணம்வரை என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார்.

"டாக்டர் மேல இருக்கற கோவத்தை விடுங்க" என்று சிஸ்டர் பல தடவை சொன்னார். விட முடியவில்லை.

போன வாரம் பக்கத்து லயத்தில் ஒருத்தி உட்கார்ந்தே தூங்குகிறாள் என்றார்கள். போய், "சாக்கை அவிழு புள்ள" என்றேன். அழுத்தினேன், குழி நின்றது. முதல் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் புது டாக்டர் முன்னால் நிறுத்தி, "மொதல்ல காலைப் பாருங்க" என்றேன். அவர் பார்த்து முடிக்கும்வரை நகரவில்லை. சிஸ்டரிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம்.