மலைக்கு வரும் கடைசிப் பார்சல்

மாதம் ஒரு புத்தகம் வரும். காலம் தாண்டிப் போகும் ஒரு சூப்பர் ஹீரோவின் படக்கதை. எங்கோ ஐரோப்பாவில் வரைந்ததைத் தமிழில் மொழிபெயர்த்து, சந்தா கட்டியவர்களுக்கு கூரியரில் அனுப்புகிறார்கள். கதையில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. வாசகர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. எங்களுக்கு அவன் நம்மாளு.

பறப்பது, சுவரை உடைப்பது எல்லாம் எந்த சூப்பர் ஹீரோவும் செய்வதுதான். நம்மாளு விஷயம் வேறு. ஒவ்வொரு முறை பழைய காலத்துக்குப் போய் யாரையாவது காப்பாற்றிவிட்டு வரும்போதும், அவனைத் தெரிந்த ஒருவருக்கு அவனைத் தெரியாமல் போய்விடும். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் யார் நீ என்று கேட்பார். அவன் அழமாட்டான். அடுத்த கட்டத்தில் காலரைச் சரிசெய்துகொண்டு நடப்பான். மொழிபெயர்த்தவர் கைக்கு மோதிரம் போட வேண்டும். வில்லன்களை "அற்பப் பதரே" என்று ராஜா காலத்து வசனம் பேசவிட்டு, நம்மாளை மட்டும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் மாதிரிப் பேசவைப்பார். ஒரு நண்பர் இதையே இங்கிலீஷில் வாங்கிப் படித்துவிட்டு, அதில் அவன் நம்மாளாக இல்லை, யாரோ ஒருத்தனாக இருக்கிறான் என்றார். எனக்கு அதில் கொஞ்சம் அற்ப சந்தோஷம்.

எனக்கு வெள்ளிமலையில் ஆஸ்பத்திரி ஜன்னலில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. வேலைக்காக மலையேறியவள், தனியாள். இங்குள்ளவர்கள் நல்லவர்கள். சாமை அறுத்தால் எனக்கும் ஒரு பை வரும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று ஒரே ஒரு முறை கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை. ஆனால் நாள் முழுக்க நான் பேசுவது சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதுதான். சாயங்காலம் கதவைச் சாத்தினால் அதுகூட இல்லை. தனிமை பழகிவிடும் என்று சொல்பவர்களைக் கண்டால் எரிச்சலாக வருகிறது. எனக்குப் பழகவில்லை.

எனக்கென்று இருந்தது அந்த வாட்ஸப் குரூப்தான். சேலம், கடலூர், கோயமுத்தூர் என்று ஊர் ஊராக நம்மாளின் ரசிகர்கள். முகம் பார்த்ததில்லை. எல்லாருக்கும் எல்லாரும் நண்பரே, நான் மட்டும் சகோதரி. குரூப்பில் ஒரே ஒரு சட்டம். கடைசி ஆளுக்குப் பார்சல் கிடைக்கும்வரை கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தக் கடைசி ஆள் எப்போதும் நான்தான்.

கூரியர் மலைக்கு வராது. கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ஒருவரும் எங்கள் குரூப். என் பார்சலையும் அவரே வாங்கிவைப்பார். ஒருமுறை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அதன்மேல் யாரோ மூட்டையை வைத்து, அட்டை முனை மடங்கி வந்தது. படக்கதை சேர்ப்பவர்களுக்கு முனை மடங்குவது என்றால் என்னவென்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அன்றிலிருந்து, லீவு கிடைக்கும்போது நானே இறங்கிப் போய் வாங்கினேன். சில மாதம் நாலைந்து நாள் தள்ளிப் போகும். கடை வாசலிலேயே பிரித்துப் பார்த்து "வந்தாச்சு" என்று குரூப்பில் போடுவேன். அடுத்த நிமிஷம் மழை கொட்டுவது மாதிரி பேச்சு கொட்டும். திரும்பிவரும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அத்தனை பேர் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் பெருமையாக இருக்கும்.

பிறகு அந்த மழை குறைந்தது. "வந்தாச்சு" என்று போட்டால் இரண்டு கட்டைவிரல், ஒரு "அருமை", அவ்வளவுதான். நான் பத்தி பத்தியாக எழுதுவேன், பதிலுக்கு ஒரு கும்பிடு வரும். ரசிகர்களுக்கு வயதாகிவிட்டது, நம்மாளு அலுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்காகத்தான் வருத்தப்பட்டேன்.

போன மாசி மாதம் கடைக்குப் போனேன். அவர் பார்சலை நீட்டிக்கொண்டே, "இந்தத் தபா நம்மாளு திரும்பி வரவே இல்ல பாத்தீங்களா மேடம். நேத்து சாயங்காலம் பூரா அதான் பேச்சு" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. கையிலிருந்த செம்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கே பேச்சு என்று கேட்டேன். குரூப்பில் நேற்று ஒரு வார்த்தை கிடையாது.

"வேற குரூப்புங்க. உங்கள வுட்டுடணும்னு இல்ல. கைல புக்க வச்சிக்கினு நாலு நாளு பேசாம இருக்க முடியல. உங்களயும் அதுல சேத்தா கத தெரிஞ்சிடுமே, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு எல்லாருமே சொன்னாங்க."

ஒரு வருஷத்துக்கு மேலாக நடக்கிறதாம். எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக என்னை விட்டுப் போயிருக்கிறார்கள். கோபப்படவும் வழியில்லை. பழைய குரூப்பில் இத்தனை நாளும் நான் பேசியதெல்லாம் காலி வீட்டில் பேசியது. வெட்கமாக இருந்தது. என்னையும் அதில் சேர்த்துவிடச் சொன்னேன். கதை தெரிந்தால் தெரியட்டும் என்றேன்.

அங்கேயே சேர்த்துவிட்டார். திறந்தால் ஒன்றுமில்லை. நடுவில் சேர்பவர்களுக்கு முன்னால் பேசியது தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஒரு வருஷப் பேச்சை இனி நான் படிக்க முடியாது. வாங்க சகோதரி என்று வரிசையாக வரவேற்றார்கள்.

அடுத்த மாதப் புத்தகம் ஒரு வெள்ளிக்கிழமை எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கு லீவு இல்லை. வேலை முடிந்து வந்து செல்போனைப் பார்த்தேன். புது குரூப்பில் சத்தமில்லை. காலையில் யாரோ போட்ட வணக்கம் மட்டும் இருந்தது. நான் வந்துவிட்டதால் சட்டமும் கூடவே வந்துவிட்டது. மறுபடியும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை மாதம் மூடுவார்கள்? மூன்றாவதாக ஒன்று ஆரம்பிப்பார்கள், மறுபடியும் என் நல்லதுக்காக. அந்தக் காலி வீட்டுக்கு இன்னொருமுறை போக எனக்குத் தெம்பில்லை.

"வந்தாச்சு" என்று அடித்தேன். அனுப்பிய பிறகுதான் கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் ஞாபகம் வந்தது. என் பார்சல் அவர் கடை மேஜையில்தான் இருக்கிறது. பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவர். மலையே ஏறாத புத்தகம் எப்படி வந்தது என்று ஒரு வரி போட்டால் என் மானம் போய்விடும். நீக்கிவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் முதல் பதில் அவரிடமிருந்தே வந்துவிட்டது.

"சகோதரிக்குக் கிடைச்சிடுச்சி. ஆரம்பிக்கலாம் நண்பர்களே."

ஆரம்பித்தார்கள். நம்மாளு எப்படித் திரும்பி வந்தான், யார் கூட்டிவந்தார்கள், ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல முழுக்கதையும் எனக்குத் தெரிந்துபோனது. நீங்களும் சொல்லுங்க சகோதரி, எந்தப் பக்கம் பிடிச்சுது என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சொல்லி முடியுங்கள், நான் கடைசியாகச் சொல்கிறேன் என்று போட்டுவிட்டு, நாற்காலியை சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.