லைன் நிறுத்தச் சொன்ன வகுப்பு

கிழக்கே கடல் தாண்டிய ஒரு நகரத்தில், சர்வதேசப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சமோசா.

ஆண்டுதோறும் உலக உணவு நாள் வரும். நடைபாதையில் முப்பத்தொரு கொடிகள் தொங்கும். ஒவ்வொரு நாட்டு ஆசிரியரும் தன் கொடிக்குக் கீழே தன் நாட்டு உடையில் நிற்க வேண்டும். நான் காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்தவன். எங்கள் வம்சத்தில் யாரும் தலைப்பாகை கட்டியதில்லை. நாடக அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் தலையில் வைப்பார்கள். யாருடைய வியர்வையோ உள்ளே ஊறிப் புளித்திருக்கும். கையில் ஆறிப்போன சமோசாத் தட்டு. எண்ணெய் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். பெற்றோர்கள் என்னோடு படம் எடுத்துக்கொள்வார்கள். நான் சிரிப்பேன்.

மற்ற நாட்களில் பாடம். பாடம் என்றால் மணியடித்தாற்போல நகரும் பாடம். எந்தப் பிள்ளையிடமும் தப்பு என்று சொல்லக் கூடாது. சுவாரசியமான யோசனை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட வேண்டும். புரியாத பிள்ளை புரியாமலே சான்றிதழ் வாங்கிப் போகும்.

ஓய்வுக்குப் பின் ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே ஓர் அடுக்ககத்தில் வந்து விழுந்தேன். இங்கே அருவருப்பு வேறு ரகம். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சாம்பாரில் புழுதி மிதக்கும். ஆலைத் தொழிலாளர் ஹாஸ்டல்களின் கழிவுநீர் திறந்த வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு போகும். ஆனாலும் இந்த நாற்றம் தன்னை நாற்றம் என்றே காட்டிக்கொள்கிறது. அந்தப் பள்ளியில் எல்லாவற்றின் மேலும் எலுமிச்சை வாசனை அடித்திருப்பார்கள்.

கீழ்த்தளத்தில் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவத் தம்பதி குடியிருந்தார்கள். அவன் மறைமலை நகரில் கார் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். அவனுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. நான் இருந்த அதே பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள் என்பதை எங்கோ பார்த்துவிட்டு அவள் மேலே வந்தாள்.

"சார், ஒங்க பேரப் போட்டுக்கிடட்டுமா? விசாரிச்சா நல்லபடியா சொல்லுங்க. இது கெடைக்கலன்னா ஊருக்குத்தான் போவணும். அங்க போயி என்னத்தப் பண்ண?"

"அது நல்ல இடம் இல்லம்மா."

"நல்ல இடம் கெடக்கட்டும் சார். இடம் வேணும்லா."

பேரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

காணொளியில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எதிரே உண்மையான மாணவர்கள் இருக்க வேண்டுமாம். அவள் வேலை பார்க்கும் பள்ளியில் இதைப் பற்றி மூச்சு விட முடியாது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் அந்த நேரத்தில் பள்ளி வேன் அள்ளிக்கொண்டு போயிருக்கும். கடைசியில் அவள் கணவன், நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஹாஸ்டல் பையன்கள் ஆறு பேரைக் கூட்டி வந்து என் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தான். பன்னிரண்டு பாதுகாப்பு பூட்ஸ் என் வாசலில். கிரீஸும் வியர்வையும் கலந்த வாடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். "இன்னா சார், வூட்லயே கம்பெனி தொறந்துட்டியா?"

"போய்யா, கேட்டைப் பாரு."

கணினித் திரையில் மூன்று முகங்கள். இருபது நிமிடம், பின்ன வகுத்தல். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு. அவள் பலகையில் அழகாகத்தான் எழுதினாள். திருப்பிப் போட்டுப் பெருக்கு என்ற விதிக்கு வந்தபோது, தூங்கி விழுந்துகொண்டிருந்தவர்களில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"அக்கா, லைன் நிறுத்துங்க."

அவர்கள் ஆலையில் அப்படித்தான். தன் வேலை முடியாதவன் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுப்பான். மொத்த வரிசையும் நிற்கும். சூப்பர்வைசர் ஓடி வருவார். புரியாமல் அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடக் கூடாது.

"என்னடே?"

"வகுத்தா குறையத்தானக்கா செய்யும்? பங்கு வச்சா எப்படிக் கூடும்?"

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சுவாரசியமான யோசனை என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். அவள் எழுதியதை எல்லாம் அழித்தாள்.

"அரை பரோட்டா இருக்கு. கால் கால் துண்டாப் பிய்க்கே. எத்தன துண்டு?"

"எங்க ஹாஸ்டல்ல மொத்தமே கால் பரோட்டாதான்க்கா," என்றான் இன்னொருவன்.

"ஒன்ன யாருல கேட்டா? நீ சொல்லு."

"ரெண்டு."

"துண்டு சின்னதாச்சு, எண்ணிக்க கூடிச்சு. கூடிச்சா இல்லியா?"

அவன் காற்றில் இரண்டு முறை பிய்த்துப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "லைன் ஓட்டுங்கக்கா."

அதற்குள் இருபது நிமிடம் முடிந்துவிட்டது. மீதிப் பாடம் அப்படியே நின்றது. திரையில் நடு முகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. நன்றி சொல்லி அணைத்துவிட்டார்கள். அவள் சாக்பீஸ் தூள் அப்பிய கையோடு என்னைப் பார்த்தாள்.

"போச்சா சார்?"

அன்று மாலை அந்த நடு முகம் என்னைப் போனில் கூப்பிட்டது. வகுப்பறையில் நேரத்தைக் காப்பாற்றுவாளா என்று கேட்டது. கீழே அவள் கணவன் சட்டி பானைகளுக்கு அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தான். சத்தம் எனக்குக் கேட்டது. ஆம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த வழவழப்பான குரலைக் கேட்டதும் தலைப்பாகை நாற்றம் வந்துவிட்டது.

"மாட்டாள்," என்றேன். "ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றாலும் நிறுத்திவிடுவாள். உங்கள் பள்ளியில் அதற்கு இடம் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரியும்."

வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அதன் பிறகு அவள் படியேறும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு நாள் அவளே தட்டினாள். கையில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம்.

"கெடைச்சிட்டு சார்! நீங்க சொன்னது ரொம்பப் புடிச்சிப்போச்சாம். புள்ளைக்காக நிக்கிற டீச்சர்தான் எங்களுக்கு வேணும்னு எழுதியிருக்காங்க."

என் வசவைக் கூட விளம்பரமாக்கத் தெரிந்தவர்கள். இருந்தாலும் மக்ரூனைத் தின்றேன். ஒரு வேளை மாறியிருக்கலாம் என்று நினைத்தேன். அவள் போனாள், கணவன் விசா வந்ததும் போவதாக ஏற்பாடு.

சென்ற வாரம் அங்கிருந்து போனில் பேசினாள்.

"சார், எல்லாப் பிள்ளைக்கும் சிவப்பு அட்டை குடுத்திருக்காங்க. புரியலன்னா தூக்கணும். நம்ம பையன் லைன் நிறுத்துனான்லா, அதப் பாத்துதானாம்."

"நல்லதுதானே?"

"பாடத்தோட வேகம் கொறையக் கூடாதுன்னு சும்மா நாள்ல அட்டைய வாங்கிப் பூட்டி வச்சிருதாங்க. நாளைக்கு ஆய்வுக்கு ஆள் வாராங்க. அன்னைக்கு மட்டும் ரெண்டு பேரு தூக்கணுமாம். அதுவும் நல்லாப் புரிஞ்ச பிள்ளையாப் பாத்துத் தூக்கச் சொல்லணுமாம்."

"நீ என்ன செய்யப் போறே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தூக்கச் சொல்லுவேன் சார். எங்க வீட்டுக்காரவுகளுக்கு இன்னும் வேல கெடைக்கல."

சரிம்மா என்றேன். மேலண்ணத்தில் பழைய எண்ணெய் வந்து ஒட்டியது. எழுந்து போய் வாய் கொப்பளித்தேன். போகவில்லை.