நான் லேட் இல்லை, ஆசிரியர் அவர்களே

அடுத்தவர் கோபத்தை ஆங்கிலத்தில் அடித்து அனுப்புவதுதான் பிரவுசிங் சென்டர் தொழிலில் பாதி வேலை. இரண்டாயிரம் பிறந்த புதிதில் ஆஸ்டின் டவுனில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு நான் பட்ட பாட்டை, இதே தொழிலில் அதே பாடு பட்ட உங்களைத் தவிர யாரிடம் சொல்வது?

அஞ்சு மணிக்கே அடுப்பு

எதிரில் மெஸ் வைத்திருந்த ஏழுமலை அண்ணன் ஒருநாள் ஆங்கிலப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பழைய சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிய கட்டுரையில் அவர் மெஸ்ஸும் வந்திருந்தது. குழம்பைப் புகழ்ந்துவிட்டு, அவரை மட்டும் 'லேட்' என்று எழுதிவிட்டார்களாம். பக்கத்துக் கடைக்காரர் படித்துச் சொன்னாராம். சுருட்டியதைப் பிரிக்காமலே "அடி தம்பி" என்றார். அடித்தேன். முப்பது வருஷத்தில் ஒருநாளும் நான் லேட் இல்லை, காலை அஞ்சு மணிக்கே அடுப்பு மூட்டுகிறேன், சந்தேகம் இருந்தால் பால்காரரைக் கேளுங்கள் என்று ஒரு முழுப் பக்கம்.

மெயிலை அனுப்பிய பிறகுதான் பேப்பரைப் பிரித்தேன். 'தி லேட் மிஸ்டர் ஏழுமலை' என்று இருந்தது. காலமானவர்களைத்தான் அப்படி எழுதுவார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அண்ணன் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்ப நான் பூட்டனா? எங்கிட்ட ஒருத்தனும் சொல்லவே இல்லியே!"

டீமன் சார்

சிரிப்பு அதோடு போயிற்று. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரி கேன்டீன் அவர் கைக்கு வருவதாக இருந்தது. அந்த மேனேஜர் துக்கம் விசாரிக்க ஃபோன் செய்திருக்கிறார். "நான்தான் ஏழுமலை" என்று இவர் கத்தியும் பலனில்லை. எங்கள் எம்.டி. பேப்பரைத்தான் நம்புவார், திங்கட்கிழமைக்குள் திருத்தம் வரவில்லையென்றால் கேன்டீன் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இதற்குள் எங்கள் மெயில் திரும்பி வந்திருந்தது. முகவரியில் ஓர் எழுத்தை நான் விட்டுவிட்டேன். அனுப்பியவர் 'மெயிலர் டீமன்' என்று இருந்ததை நான் படித்துச் சொன்னதும் அண்ணன் எழுந்து நின்று திரைக்கு ஒரு கும்பிடு போட்டார். அது ஆள் இல்லை, மெயிலைத் தானாகத் திருப்பி அனுப்பும் மெஷின் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. 'மதிப்பிற்குரிய டீமன் அவர்களுக்கு, நான் உயிரோடு இருக்கிறேன்' என்று அவர் சொல்லச் சொல்ல அடித்து, சரியான முகவரிக்கு அனுப்பினேன்.

"போட்ட நிமிஷமே பதில் அனுப்பிட்டாரு பாரு. ஆபீஸர்னா இப்டி இருக்கணும்!"

வீட்டுக்காரம்மா சாட்சி

பேப்பர் ஆபீஸ் அசைந்து கொடுக்கவில்லை. எங்கள் நிருபர் குடும்பத்தாரைக் கேட்டுத்தான் எழுதினார், இறந்தவர் பெயரில் வரும் மெயிலை ஏற்க முடியாது, வீட்டார் யாராவது எழுதட்டும் என்றார்கள். அண்ணன் மனைவி சரோஜாக்கா வந்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை என்று நான் ஆதாரங்களை அடுக்கப் பார்த்தேன். அக்கா அதையெல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"காலைலகூட சாம்பார்ல உப்பு இல்லன்னு கத்தினாரு. செத்தவங்க கத்துவாங்களா?"

குடும்பத்தார் யார்?

அதை அப்படியே ஆங்கிலமாக்கி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை திருத்தம் வந்தது, மறுநாள் கேன்டீனும் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. கேசரி கொண்டுவந்த அக்காவிடம், நிருபர் விசாரித்த அந்தக் குடும்பத்தார் யார் என்று கேட்டேன். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாந்தான் தம்பி. அந்தப் பேப்பர்காரப் பொண்ணு வந்து ஓனர் எங்கன்னு கேட்டுது. ஷேவிங்குக்குப் போன மனுஷன் வரவே இல்ல. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல 'ஹி இஸ் லேட்'னேன். ஐயோ, சாரின்னு எங் கையப் புடிச்சிக்கிச்சி. பரவால்லம்மா, எனக்குப் பழகிப்போச்சின்னு சொல்லிட்டேன்."

ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பவைக்க எங்களுக்கு மூன்று மெயில் பிடித்தது, அவரைச் சாகடிக்க வீட்டுக்காரம்மாவுக்கு மூன்றே வார்த்தை போதுமாக இருந்தது.