அசையாத மைனஸ் பதினெட்டு

பத்து பாகாட் ஊரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவை உறையவைத்துப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறோம். குளிர் அறையின் வெப்பநிலையைத் திரையில் காட்டும் நிரல் என் பொறுப்பு. எப்போது பார்த்தாலும் மைனஸ் பதினெட்டு. லாரி வந்து, கதவு திறந்து கிடக்கும்போதுகூட! எந்த அறை இவ்வளவு ஒழுக்கமாக இருக்கும்?

போன மாதம் ஒரு லோடு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிப்போய்த் திரும்பி வந்தது. உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனை மேனேஜர் திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

"ரூம் சரியாத்தானே இருக்கு? நீதான் சரக்க வெளிய போட்டுட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிருக்க. வெள்ளிக்கிழமையோட உனக்கு வேலை இல்ல."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் திரை பொய் சொல்லுது."

எனக்கும் அதே சந்தேகம்தான். நிரலைத் திறந்தேன். உள்ளே இருக்கும் எண்ணை யாரும் நேராகத் தொட முடியாது. மாற்றுவதற்கு ஒரு செட்டர், எடுத்துக் காட்டுவதற்கு ஒரு கெட்டர். கல்லூரியில் இதற்குப் பாதுகாப்பு என்று பெயர். முதலில் கெட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். அது பாவம், இருப்பதைத்தான் காட்டியது. திருட்டு ஆள் செட்டருக்குள் இருந்தான்: வரும் எண் மைனஸ் பதினெட்டைத் தாண்டி ஏறினால் வாங்காதே, பழைய எண்ணையே வைத்துக்கொள். அதுவும் சத்தமில்லாமல்.

எழுதியது பக்கத்து மேசை அக்கா.

"அலமாக், அதுல கை வைக்காத லா! லாரி வந்தா கதவுக்குப் பெட்டிய முட்டுக்குடுத்து தொறந்தே வச்சிருப்பாங்க. அலாரம் கத்தித் தொலைக்கும். நிறுத்தச் சொல்லி உயிர எடுத்தாங்க."

"யாருக்கா?"

"யாரு, உங்க குளிர் ரூம் அண்ணன்தான்!"

வரும் எண்ணையெல்லாம் வாங்கிக்கொள்ளும்படி செட்டரை மாற்றினேன். அலாரத்தைத் தனியே பிரித்து, சூடு இறங்காமல் நீடித்தால் மட்டும் அடிக்க வைத்தேன். கதவு சாத்தியிருந்தது. திரையில் மைனஸ் பதினொன்று. அலாரம் அடித்தது. குளிர் எந்திரம் பழுது என்று மெக்கானிக் வந்து சொன்னதும், மேனேஜர் வெள்ளிக்கிழமைப் பேச்சை விட்டுவிட்டார்.

எந்திரத்தைச் சரிசெய்த மறுநாள் திரை மைனஸ் பதினெட்டுக்கு வந்தது. அண்ணன் அதையே முறைத்துப் பார்த்தார்.

"நெஜமாவா? நீயும் உள்ள ஏதும் போட்டு வைக்கலியே?"

கையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தார். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நானும் அவர் பின்னாலேயே குளிர் அறைக்குள் போனேன்.